ஜப்பான்காரன் விட்டுப்போன லோரியா? பழைய ராணுவ வண்டிகள் பற்றிக் கேள்வி பதில்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் முப்பது வருடத்துக்கு மேல் லோரிப் பட்டறை வைத்திருந்தேன். பட்டறையை மூடிய பிறகும் பழைய ராணுவ வண்டிகள் மேலிருந்த கிறுக்கு மட்டும் போகவில்லை. நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கூலிமிலிருந்து ஒரு தம்பி: தாத்தா அம்பதுகளில் ஏலத்தில் எடுத்த லோரி எங்கள் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் கிடக்கிறது. ஜப்பான்காரன் விட்டுப்போனது என்று அப்பா சொல்வார். மூக்கு சப்பையாக இருக்கும். முன்கண்ணாடி மேலே வெளியே தள்ளி, கீழே உள்ளே போயிருக்கும். உண்மையிலேயே ஜப்பான் வண்டியா அண்ணே?

இல்லை தம்பி. இந்தக் கேள்வி பத்துப் பேரிடமிருந்து வந்தால் ஒன்பது வண்டி கனடாக்காரன் செய்ததாகத்தான் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் கனடாவின் ஃபோர்டும் ஷெவர்லேயும் பிரிட்டிஷ் படைகளுக்காக ஒரே அச்சில் லட்சக்கணக்கில் லோரி செய்தன. இந்த வகை மட்டும் 4 லட்சத்துக்கு மேல். கண்ணாடி அப்படிச் சாய்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு. வெயில் பட்டுப் பளிச்சென்று மின்னினால் மேலே பறக்கிற விமானத்துக்கு வண்டி தெரிந்துவிடும். அதற்காகத்தான் அப்படிச் சாய்த்தார்கள். இந்தக் கேபினுக்கு 13-ஆம் எண் கேபின் என்று பெயர். முந்தைய 11, 12-இல் கண்ணாடி நேராக நிற்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்தது 1942 பிப்ரவரி 15. 13-ஆம் கேபின் வண்டிகள் பெருவாரியாக வெளிவந்ததே அந்தச் சமயத்துக்குப் பிறகுதான். அதனால் ஜப்பான்காரன் இங்கே அதைப் பிடித்து ஓட்டியிருக்க வழியில்லை. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் திரும்பி வந்தபோதோ அதற்குப் பிறகோ இறங்கியிருக்கும். பினாங்கில் செப்டம்பர் 3-ஆம் தேதி இறங்கினார்கள், மோரிப் கடற்கரையில் 9-ஆம் தேதி. அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் சொன்னதில் ஏலம் என்பது நிஜமாக இருக்கலாம். ஜப்பான்காரன் மட்டும் நடுவில் யாரோ ஏற்றிவிட்டது.

கேபினுக்குள் தகரப் பலகை இருந்தால் அதில் சி60எல் மாதிரி ஒன்று எழுதியிருக்கும். சி என்றால் ஷெவர்லே, எஃப் என்றால் ஃபோர்டு. 60 என்பது 60 ஹண்ட்ரட்வெயிட், அதாவது 3 டன். எல் என்றால் நீளமான சேசிஸ், சக்கரத்துக்குச் சக்கரம் 158 அங்குலம்.

செந்தூலிலிருந்து ஒருவர்: என்னிடம் இருப்பது பெட்ஃபர்ட் ஆர்எல் என்கிற பிரிட்டிஷ் ராணுவ லோரி. பம்பரில் பெயின்டைத் தேய்த்தபோது இரண்டு எண், இரண்டு எழுத்து, மறுபடி இரண்டு எண் என்று தெரிந்தது. இது என்ன?

அடித்தது யோகம்! அது பிரிட்டிஷ் ராணுவப் பதிவெண். 1949-இலிருந்து இந்த முறை. அதற்கு முன்னால் போர்க்காலத்தில் ஒரு எழுத்தும் நீளமான எண்ணும் இருக்கும். எல் என்றால் லோரி, இசட் என்றால் சின்ன டிரக், ஏ என்றால் ஆம்புலன்ஸ். ஆர்எல் 1953-இல் வந்த வண்டி என்பதால் உங்களுக்குப் புது முறைதான் பொருந்தும்.

அந்த எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு இங்கிலாந்தில் ராயல் லாஜிஸ்டிக் கோர் மியூசியத்துக்கு எழுதுங்கள். பழைய லோரி, ஜீப் வகை வண்டிகளின் பதிவு அட்டைகள் அங்கேதான் இருக்கின்றன. எந்த ஒப்பந்தத்தில் வாங்கியது, எந்த டெப்போவுக்குப் போனது, எப்போது கழித்துவிட்டது என்பதெல்லாம் அட்டையில் இருக்கும். கவச வண்டியாக இருந்தால் பொவிங்டன் டாங்கி மியூசியத்துக்கு எழுத வேண்டும். அட்டையில் கதை எல்லாம் இருக்காது. தேதியும் சுருக்கெழுத்தும்தான். எனக்கு அதுவே போதும்.

1949-க்குப் பிறகு வந்த வண்டியின் எண் இசட்டில் ஆரம்பித்தால் பிரிட்டன் பக்கம் போகாதீர்கள், அது நம் மலேசிய ராணுவ வண்டி. போர்ட்டிக்சன் ராணுவ மியூசியத்தில் விசாரியுங்கள். அந்த இசட் பலகையை மாட்டிக்கொண்டு ரோட்டில் மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.

பிறையிலிருந்து ஒருவர்: பெயின்டை மணல் அடித்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாமா?

வேண்டவே வேண்டாம். முதல் லேண்ட்ரோவர் வாங்கிய காலத்தில் நான் செய்த பாவம் அது. கதவை ஒரே நாளில் வெள்ளைத் தகரமாக்கிவிட்டேன். பிறகு முன்னாள் சிப்பாய் ஒருவர் வந்து, "கதவில் படைக்குறி இருந்திருக்குமே" என்றார். என்ன சொல்ல முடியும்? அன்றிலிருந்து 600 நம்பர் வாட்டர் பேப்பர், வாளித் தண்ணீர், பொறுமை, இந்த மூன்றும்தான். உள்ளங்கை அகலத்துக்குத் தேய்க்கணும், ஒவ்வொரு நிறம் தெரியும்போதும் நிறுத்திப் படம் எடுக்கணும்.

பிரிட்டிஷ் வண்டிகளில் போர் நடுவில் பழுப்பு, 1944-இலிருந்து ஆலிவ் பச்சை, போருக்குப் பின் பளபளப்பான கரும்பச்சை. எந்த நிறத்துக்கு மேல் எந்த எண் எழுதியிருக்கிறது என்று பார்த்தாலே காலம் பிடிபடும். மட்காட்டில் சின்னச் சதுரமும் அதற்குள் எண்ணும் இருந்தால் அது எந்தப் படைப்பிரிவு என்று காட்டும் அடையாளம். அதை விட்டுவிடாதீர்கள்.

ஈப்போவிலிருந்து ஓர் ஐயா: கிராண்டில், அதாவது வண்டிப் பதிவுப் பத்திரத்தில், 1962 என்று இருக்கிறது. வண்டியைப் பார்த்தவர்கள் 1944 என்கிறார்கள். எஞ்சின் எண்ணும் பொருந்தவில்லை. போலிப் பத்திரமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் ஐயா. ராணுவம் கழித்துவிட்ட பிறகு பொதுமக்கள் பெயரில் பதிவான வருடம்தான் கிராண்டில் ஏறியிருக்கும். அது செய்த வருடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எஞ்சின் மாறுவதும் சகஜம். இந்த வண்டிகள் பலவும் பாலாக் லோரியாக, அதாவது மரக்கட்டை ஏற்றும் லோரியாகக் காட்டுக்குள் போனவை. முன்னால் வின்ச் வைத்து மரம் இழுத்தவற்றைச் சீனர்கள் "சான் தாய் வோங்" என்பார்கள், மலைராஜா என்று அர்த்தம். பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசல் எஞ்சினை இறக்கியிருப்பார்கள். ஒன்றின் முன்பாகமும் இன்னொன்றின் பின்அச்சும் சேர்ந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அப்படி மூன்று லோரி ஒரு லோரியானால் எதன் வரலாற்றைத் தேடுவது என்றால், சேசிஸ் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். மற்றதெல்லாம் மாற்றுச் சாமான்.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அக்கா: மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் எங்கள் அப்பா ராணுவ லோரி ஓட்டினார். வண்டி இல்லை, ஒரு போட்டோதான் இருக்கிறது. அதை வைத்து ஏதாவது தெரியுமா தம்பி?

வண்டி வைத்திருப்பவர்களைவிட உங்கள் கையில் நல்ல சாமான் இருக்கிறது அக்கா. அவசரகாலம் 1948-இலிருந்து 1960 வரை. பம்பரில் உள்ள எண்ணையும் மட்காட்டுக் குறியையும் பெரிதாக்கிப் பாருங்கள், எண் முழுசாகத் தெரிந்தால் செந்தூல்காரருக்குச் சொன்ன வழிதான். போட்டோவின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இடம் பினாங்கு என்றால் ஆஸ்திரேலியர்களையும் மறக்க வேண்டாம். 1955-இல் அவர்களுடைய இரண்டாவது பட்டாளம் மிண்டன் முகாமில்தான் வந்து தங்கியது. இன்று அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிற இடம். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் படங்களை இணையத்திலேயே பார்க்கலாம். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒருநாள் போய் வாருங்கள். அப்புறம், அப்பாவோடு ஓட்டியவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். காப்பகம் அங்கேயேதான் இருக்கும்.

மறுபடி கூலிம் தம்பி: பலகையும் இல்லை அண்ணே, சேசிஸ் எண்ணையும் துரு தின்றுவிட்டது. வேறு வழி?

இரவில் போங்கள். முன்சக்கரத்துக்கு மேலே சேசிஸ் சட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால் மெல்லத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பகலில் தெரியாத எழுத்து அப்போது நிழலாக எழும்பும். அதுவும் இல்லையென்றால் வார்ப்பு இரும்பிலும் சக்கர ரிம்மிலும் தேதி குத்தியிருக்கிறதா பாருங்கள். மாற்றாத சாமான்களில் கடைசித் தேதி எதுவோ, வண்டி அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது.

ரிம்மைக் கழற்றும்போது கவனம். அந்தக் காலத்து ராணுவ ரிம் இரண்டு பாதியாக இருக்கும், சுற்றிலும் நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டைத் திறந்தால் பாதி ரிம் முகத்துக்கு வரும், ஆளையே கொன்றுவிடும். காற்றை முழுசாக இறக்கி, வால்வு ஊசியையும் எடுத்துவிட்டு அதற்குப் பிறகு ஸ்பேனரைத் தொடுங்கள்.