முகத்தைப் பார்த்துக் கதையுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். எதிர்வீட்டுக்கு இளம் தம்பதி ஒன்று குடிவந்தது. அந்தப் பிள்ளையை லிப்டடியில் பின்னால் நின்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன், திரும்பவேயில்லை. பெருமை பிடித்தவள் என்று நானும் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டேன். பிறவியிலேயே காது கேட்காது என்பது பிறகுதான் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. இப்போது எதையும் அவருடைய கணவரிடம்தான் சொல்கிறேன். என் எட்டு வயது மகனோ அவர்கள் கையால் கதைப்பதை வைத்த கண் வாங்காமல் பார்க்கிறான். அதட்டியும் கேட்கிறானில்லை. அவர் மனம் நோகாமல் எப்படிப் பழகுவது, அக்கா?
- ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்: மகனை அதட்டாதீர்கள், தங்கச்சி. உங்கள் வீட்டில் சரியாக நடப்பவன் அவன்தான்.

பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்து, ஆட்களை உற்றுப் பார்க்காதே, விரல் நீட்டாதே என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். சைகை மொழியில் இந்த மூன்றும் செல்லாது. ‘நீங்கள்’, ‘அவர்’ என்பதையே விரலால்தான் காட்ட வேண்டும். கண்ணை எடுத்தால், பேசிக்கொண்டிருப்பவர் முன்னால் காதைப் பொத்தியது போலாகிவிடும்.

இதை நான் படித்தது ஒரு தையல்கார அக்காவிடம். அவருக்கும் கேட்காது. சட்டைக்கு அளவு சொல்ல வேண்டுமென்று போனவள், மாதிரிச் சட்டையை ஹேண்ட்பேக்குக்குள் தேடியபடியே கதைத்துக்கொண்டிருந்தேன். அவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு என் கைமேல் கையை வைத்து நிறுத்தி, இரண்டு விரலால் தன் கண்ணைத் தொட்டு என் வாயைக் காட்டினார். கோபமே இல்லை. அளவைத் திரும்ப முதலிலிருந்து சொன்னேன்.

உதட்டைப் பார்த்தே எல்லாம் விளங்கிவிடும் என்றும் எண்ண வேண்டாம். கண்ணாடி முன் நின்று ‘பாலா’, ‘மாலா’ என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரித்தான் அசையும். அதனால் பெயர், நேரம், காசுக் கணக்கை எழுதிக் காட்டுங்கள், அல்லது வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கத்த வேண்டாம், வாயைக் கோணி இழுக்கவும் வேண்டாம். சாதாரணமாக, கொஞ்சம் ஆறுதலாகக் கதைத்தால் போதும்.

கூப்பிடுவதென்றால் அவர் கண்ணில் படும்படி கையை அசையுங்கள், அல்லது தோளில் மெல்லத் தட்டுங்கள். கணவர் இடையில் நின்று விளக்கும்போதும் உங்கள் பார்வை அந்தப் பெண்ணிடமே இருக்கட்டும். “அவ வருவாவா என்று கேளுங்கோ” என்று கணவரைப் பார்த்துக் கேட்பதுதான் உண்மையில் நோகடிக்கும். அவர் அங்கேதானே நிற்கிறார்! “நீங்கள் வருவீங்களா?” என்று அவரிடமே கேளுங்கள். நடைபாதையில் இருவரும் கதைக்கும்போது குறுக்கே போக நேர்ந்தால், தயங்கி நிற்காமல் சட்டென்று கடந்துவிடுங்கள். நின்றால்தான் மறைப்பு.

இன்னொன்று. 1912இல் தொடங்கிய செவிப்புலனற்ற பிள்ளைகளின் பாடசாலை, காலி வீதியால் 100ஆம் இலக்க பஸ்ஸில் போய் இறங்கக்கூடிய இரத்மலானையில் இருக்கிறது. நூறு வருடம் தாண்டியும் ‘ஊமை’ என்ற சொல் எங்கள் வாயை விட்டுப் போகவில்லை. மகன் காதில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவனுக்குச் சைகை படிக்க ஆசையிருந்தால் யூடியூப்பில் தேட வேண்டாம். சைகை மொழி நாட்டுக்கு நாடு வேறு. ஆங்கிலம் பேசும் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும்கூட ஒரே சைகை இல்லை. எதிர்வீட்டுக் கதவடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள். முன்பு முகம் கொடுக்காததற்கு நெஞ்சில் கைவைத்து வருத்தம் தெரிவிக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

கரண்ட் போகும் இரவுகளில் மட்டும் ஒன்றை ஞாபகம் வைத்திருங்கள். டோர்ச்சை அவர் முகத்தில் அடிக்காதீர்கள். உங்கள் முகத்தில் பிடியுங்கள்.