300 லூமென், 10 மணி நேரம்: டார்ச் அட்டை சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: மின்சாரம் போகும்போதும் இரவில் வெளியே நடக்கும்போதும் பயன்படுத்த, நடுத்தர விலையில் ஓர் எல்.இ.டி. டார்ச் பார்த்து வைத்திருக்கிறேன். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடுகிற ஏஏ செல் இரண்டு போட்டால் போதும் என்பதால் பிடித்திருக்கிறது. அட்டையில் ‘300 லூமென், 10 மணி நேரம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: லூமென் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. அட்டையில் உள்ள இரண்டு எண்களும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வழியில்லை. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ரீசார்ஜ் செய்யும் ஏஏ செல் ஒன்றின் அழுத்தம் 1.2 வோல்ட், கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு செல்லிலும் சேர்த்து 4.8 வாட்-மணி ஆற்றல்தான் இருக்கிறது. நல்ல டார்ச்சில் எல்லா இழப்பும் போக, ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் வெளிச்சம் கிடைக்கும். ஆக உங்கள் கையிருப்பு ஏறத்தாழ 480 லூமென்-மணி. 300 லூமெனில் எரித்தால் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 50 லூமெனில் எரித்தால் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டும். பத்து மணி நேரமும் 300 வேண்டுமென்றால் 3000 லூமென்-மணி தேவை. அது அந்த இரண்டு செல்லுக்குள் கிடையாது.

அட்டையில் இருப்பது பொய் என்று சொல்லவில்லை. டார்ச்சுகளுக்கான எஃப்.எல்.1 என்ற அளவீட்டுத் தரம் 2009-இல் வந்தது. அதன்படி, விளக்கைப் போட்ட 30 நொடியிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் லூமெனை அளந்துவிடுவார்கள். எரியும் நேரத்தையோ, வெளிச்சம் தொடக்க அளவில் 10 சதவீதமாகக் குறையும் வரை கணக்கிடுவார்கள். எனவே ஒரு டார்ச் 300-இல் தொடங்கி, சில நிமிடங்களில் 50-க்கு இறங்கி, அப்படியே மெல்லத் தேய்ந்து 30-ஐத் தொட்டால், அதற்கு ‘10 மணி நேரம்’ என்று போடலாம். விதிப்படி சரிதான். வாங்குகிறவருக்குத்தான் விவரம் போய்ச் சேருவதில்லை.

அதனால் உச்ச வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள். நடு நிலையைப் பாருங்கள். 50 முதல் 100 லூமெனுக்குள் ஒரு நிலை இருக்கிறதா, அதில் எத்தனை மணி நேரம் எரியும் என்று தனியாகப் போட்டிருக்கிறார்களா? டார்ச்சைக் கூரை நோக்கி நிமிர்த்தி வைத்தால், 50 லூமென் ஒரு நடுத்தர அறையில் தடுமாறாமல் நடமாடப் போதும். லூமெனை இரட்டிப்பாக்கினால் கண்ணுக்கு இரட்டிப்பாகத் தெரியாது. கொஞ்சம் கூடியது போலத்தான் இருக்கும். 200-க்கும் 300-க்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஒளி பாயும் தூரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 0.25 லக்ஸ், அதாவது முழுநிலவு அளவுக்கு வெளிச்சம் விழும் இடம்வரை கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே நிற்பது நாயா புதரா என்று சொல்ல முடியாது. நான் அந்த எண்ணில் பாதியைத்தான் நம்புவேன்.

அடுத்தது செல். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 300 லூமெனுக்கு ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஓர் ஆம்பியருக்கு மேல் உறிஞ்ச வேண்டும். அந்த வேகத்தில் சாதாரண ஆல்கலைன் செல் தன் கொள்ளளவில் பாதியைக்கூடக் கொடுக்காது. 1.2 வோல்ட் என்று குறைவாகத் தெரிந்தாலும், நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்தான் கடைசி வரை சளைக்காமல் தாங்கும். ஆனால் வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. ஆகவே அழுத்தத்தை உயர்த்தி நிலைநிறுத்தும் சுற்று டார்ச்சுக்குள் இருக்க வேண்டும். ‘ரீசார்ஜ் செல் போடலாம்’ என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தால் வாங்குங்கள். இதே அளவில் 14500 என்ற 3.7 வோல்ட் லித்தியம் செல் ஒன்றும் உண்டு. கையேடு அனுமதிக்காவிட்டால் அதைப் போடவே கூடாது.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஒரு சோதனை செய்யுங்கள். இருட்டறையில் டார்ச்சைக் கூரை நோக்கி நிறுத்துங்கள். கைப்பேசிக் கேமரா படத்தின் வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்காதபடி எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு முதல் நிமிடம், பத்தாவது நிமிடம், முப்பதாவது நிமிடம் என்று ஒரே இடத்தைப் படம் எடுங்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அட்டை சொல்லாதது தெரிந்துவிடும். பிறகு நடு நிலையில் வைத்து, ஒளிக்கு முன்னால் விரல்களை வேகமாக அசையுங்கள். விரல்கள் பல துண்டாக வெட்டி வெட்டித் தெரிந்தால் ஒளி துடிக்கிறது என்று பொருள்; நெடுநேரம் அதில் வேலை செய்தால் கண் சோர்ந்துவிடும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, மழைத்துளிக்கு ஐ.பி.எக்ஸ்.4 என்ற நீர்த்தடுப்புத் தரக் குறியீடு இருந்தால் போதும்.

சுவிட்ச் எலக்ட்ரானிக் வகையா என்று கேளுங்கள். அணைத்திருக்கும்போதும் அது சிறிது மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அவசரத்துக்கென்று எடுத்து வைப்பவர்களுக்கு, ‘டக்’கென்று அழுந்தும் பழைய வகை சுவிட்சே மேல்.

ஆல்கலைன் செல்லை உள்ளேயே விட்டு வைக்காதீர்கள். என்னுடைய நல்ல டார்ச் ஒன்றை அப்படித்தான் இழந்தேன். மாதக்கணக்கில் இழுப்பறையில் கிடந்தது. திறக்கப் போனால் மூடி அசையவில்லை. துணி சுற்றித் திருகியபோது வெள்ளைப் பொடி உதிர்ந்தது. செல் உள்ளேயே ஊதி ஒட்டிக்கொண்டிருந்தது, ஸ்பிரிங் பச்சை பூத்து கையோடு வந்துவிட்டது. கசிந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். தொடக்கத்திலேயே கவனித்தால், கையுறை போட்டுக்கொண்டு, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, நன்றாகக் காயவைத்துக் காப்பாற்றலாம். செல்களை டார்ச்சோடு ஒரு சிறு பையில் தனியே போட்டு வையுங்கள். இருட்டில் தடவி எடுத்துப் போட முடிகிறதா என்று ஒருமுறை பழகியும் பாருங்கள்.