அடிப்படை வேகத்திலேயே நிற்கும் ப்ராசஸர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் இருப்பது ஐ5-10400. பெட்டியில் 4.3 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. சிஸ்டம் விவரப் பக்கத்தில் எப்போது பார்த்தாலும் 2.90தான். ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. அந்தப் பக்கத்தில் இருப்பது ப்ராசஸரின் பெயரோடு சேர்ந்த அடிப்படை வேகம். அது மாறவே மாறாது. கனமான வேலை ஒன்றை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள். 4.3 என்பது ப்ராசஸருக்குள் இருக்கும் ஆறு கோர்களில் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) ஓரிரண்டு மட்டும் உழைக்கும்போது எட்டுகிற உச்சம். ஆறும் சேர்ந்து உழைத்தால் 4.0 வரைதான் ஏறும்.

கேள்வி: எனக்கு டாஸ்க் மேனேஜரிலும் ஏறவில்லை. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்ஸ்) டர்போ, அதாவது தேவைப்படும்போது வேகத்தைத் தானாக ஏற்றும் வசதி, ஆனில்தான் இருக்கிறது.

பதில்: அப்படியானால் விண்டோஸின் பவர் பிளானைப் பாருங்கள். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில், ப்ராசஸர் பவர் மேனேஜ்மெண்ட்டுக்குக் கீழே 'மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்று ஒரு வரி இருக்கும். அங்கே 99% என்று இருந்தால் பெரும்பாலும் டர்போ அடியோடு நின்றுவிடும். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும்; ஆனால் 100-க்குக் கீழே எதை வைத்தாலும் டர்போ வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறது. சூட்டைக் குறைக்க யாரோ சொன்னார்கள் என்று இதை மாற்றிவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர். ப்ராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கைக் கழற்றி, பேஸ்ட் மாற்றி, புது போர்டு வரை விலை விசாரித்துவிட்டு, கடைசியில் இந்த ஒரு எண்ணில் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது. முதலில் இதைப் பாருங்கள், அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடுக்கலாம்.

கேள்வி: சார்ஜர் மாற்றியதிலிருந்து லேப்டாப் 0.8 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை.

பதில்: சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் ஏறினால் பெரும்பாலும் சார்ஜர்தான் காரணம். சில லேப்டாப்கள் தனக்குரிய சார்ஜர் இல்லையென்று தெரிந்தால் வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடும். சரியான வாட் உள்ள, அந்த மாடலுக்கான சார்ஜரை வாங்குங்கள். ஏதாவது மென்பொருளைப் போட்டு அந்தப் பாதுகாப்பையே அணைக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். லேப்டாப்பின் மற்ற பாகங்கள் அளவுக்கு மீறிச் சூடானாலும் வேகத்தைக் குறைக்கச் சொல்வது அதே பாதுகாப்புதான்.

கேள்வி: ரைசன் 5 3600. பயாஸில் மல்டிப்ளையரை (100 மெகாஹெர்ட்ஸை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) 36 என்று வைத்தேன். இப்போது 3.6-ஐ விட்டு நகர மாட்டேன் என்கிறது.

பதில்: நீங்கள் கேட்டதைத்தான் அது செய்கிறது. மல்டிப்ளையரைக் கையால் குறித்துவிட்டால் தானாக 4.2 வரை ஏறும் வசதி போய்விடும். அதை ஆட்டோவுக்கு மாற்றுங்கள். 'கோர் பெர்ஃபார்மன்ஸ் பூஸ்ட்' அணைந்திருந்தால் அதையும் ஆட்டோவில் வையுங்கள். சேமித்து ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.