முதுகுத் தசையை இதயத்தில் சுற்றும் ஆபரேஷனுக்கு முன்பணம் கட்டலாமா?

கோத்தகிரி வாசகர் கேட்கிறார்: “அப்பாவுக்கு வயது 61. தேயிலைத் தோட்டத்தில் மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. எக்கோவில் பம்பிங் 25 சதவீதம்தான். முதுகுத் தசையை இதயத்தைச் சுற்றித் தைத்தால் மாற்று இதயமே வேண்டாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லி, முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?”

கட்டாதீர்கள்.

அவர் சொல்வது முழுப் பொய்யல்ல, அதனால்தான் பலர் நம்பிவிடுகிறார்கள். 1985-ல் பாரிஸில் டாக்டர் கார்ப்பந்தியே இதைச் செய்தார். முதுகின் பக்கவாட்டுத் தசையை ரத்தக்குழாயும் நரம்பும் அறுபடாமல் நெஞ்சுக்குள் கொண்டுவந்து, இதயத்தைச் சுற்றி, பேஸ்மேக்கர் மாதிரி ஒரு கருவியால் சுருங்க வைப்பார்கள். அந்தத் தசை சீக்கிரம் களைத்துவிடும் என்பதால் வாரக்கணக்கில் மின்தூண்டல் கொடுத்துப் பழக்க வேண்டும். சிலருக்கு மூச்சுத்திணறல் குறைந்தது. ஆயுள் கூடியதாக மட்டும் நிரூபிக்க முடியவில்லை. 1990-களின் கடைசியில் கிட்டத்தட்ட எல்லோருமே கைவிட்டுவிட்டார்கள்.

பணம் கேட்பவரிடம் எந்த ஆஸ்பத்திரி, எந்த சர்ஜன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார். அடுத்து, “மாற்று இதயமே சீக்கிரம் வாங்கித் தருகிறேன்” என்பார். தானமாகக் கிடைக்கும் இதயம் தமிழ்நாட்டில் டிரான்ஸ்டான் என்ற அரசு அமைப்பின் பட்டியல்படிதான் ஒதுக்கப்படும். அதில் புரோக்கருக்கு வேலையே இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் நீங்களே போய்க் கேளுங்கள்.

கருவி வைப்பதால் பம்பிங் கூடுகிற ஒரு வகை நோயாளிகள் உண்டு. அப்பாவின் ஈசிஜி தாளை எடுத்துப் பாருங்கள். ‘எல்பிபிபி’ என்று இருக்கிறதா? இதயத்தின் இடப்பக்கத்துக்கு மின்னோட்டம் தாமதமாகப் போகிறது என்று அர்த்தம். அதே தாளில் ‘க்யூஆர்எஸ்’ (மின்னோட்டம் இதயத்தின் கீழறைகளில் பரவ எடுக்கும் நேரம்) 150 மில்லிசெகண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் துடிக்க வைக்கும் சிஆர்டி பேஸ்மேக்கர் பற்றி இதய டாக்டரிடம் கேளுங்கள். அதுவும் மாத்திரைகளைச் சில மாதம் சரியான அளவில் சாப்பிட்ட பிறகுதான். ஈசிஜியில் இது இல்லாதவருக்கு அந்தக் கருவியையும் விற்க ஆள் வருவார்கள், ஏமாறாதீர்கள்.

இன்று பம்பிங் குறைவுக்கு நான்கு வகை மருந்துகள் இருக்கின்றன. அவை ஆயுளைக் கூட்டுகின்றன. ஆனால் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, அளவைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். அதற்குக்கூட மூச்சு வாங்கும் மனிதரைக் கொண்டை ஊசி வளைவுகளில் மேட்டுப்பாளையம், கோவை என்று இறக்கி ஏற்றுகிறோம். மலையிலேயே இதைச் செய்ய என்ன தடை? கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அப்புறம், முழங்கால் வலிக்கென்று மருந்துக்கடையில் டைக்ளோபினாக் வாங்கிக் கொடுக்காதீர்கள்; உடம்பில் நீர் தேங்கும். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.