எழுத்து ரோல்பிளே சண்டையில் அடியை யார் எழுதுவது?

கேள்வி: டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் சிலர் சேர்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகக் கதை எழுதி எழுத்திலேயே ரோல்பிளே செய்கிறோம். சண்டைக் காட்சி வந்தால் மட்டும் தகராறு. ஒருவர் தான் வீசிய எல்லா அடியும் பட்டதாக எழுதுகிறார். இன்னொருவர் எந்த அடியும் படாமல் தப்பித்துக்கொண்டே இருக்கிறார். இதை நியாயமாக நடத்த என்ன வழி?

பதில்:

நீங்கள் சொல்லும் இந்த இருவரும் இல்லாத குழுவை நான் பார்த்ததில்லை. முதலாமவரைத் தடுக்க விதி எழுதுவது சுலபம், பெரும்பாலான குழுக்கள் எழுதியும் வைத்திருக்கின்றன. இரண்டாமவரைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. நான் பார்த்தவரை சண்டைகள் அதிகம் கெடுவது அவரால்தான்.

முதலாமவர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உங்கள் கேரக்டர் என்ன செய்ய முயல்கிறது என்பதை மட்டும் நீங்கள் எழுதலாம். அது எதிராளிக்கு என்ன செய்தது என்பதை அந்தக் கேரக்டரை எழுதுபவர்தான் எழுத வேண்டும். "வேலன் வாளை வீசினான், நீலியின் தோள் கிழிந்தது" என்றால் அது காட்மோடிங், அதாவது எதிராளியின் கேரக்டருக்கு நடப்பதையும் நீங்களே தீர்மானிப்பது. "நீலியின் இடது தோளைக் குறிவைத்து வேலன் வாளை மேலிருந்து இறக்கினான்" என்று அங்கேயே நிறுத்த வேண்டும். எங்கிருந்து வருகிறது, எங்கே குறி, எவ்வளவு நெருக்கம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவருக்குப் பதில் எழுதப் பிடி கிடைக்கும். "பயங்கரமாகத் தாக்கினான்" என்று மொட்டையாக எழுதிவிட்டு, அவர் தடுத்த விதம் பொருந்தவில்லை என்று பிறகு சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை.

இப்போது இரண்டாமவர். மேலே சொன்ன விதி அவருக்கு முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடுகிறது. அடி பட்டதா இல்லையா என்று அவரேதான் முடிவு செய்கிறார். எந்த விதியையும் மீறாமலே எல்லா அடியிலிருந்தும் குனிந்து, விலகி, தாவித் தப்பிக்கலாம். எதிராளிக்கோ காற்றை வெட்டிய அனுபவம். ஆகவே விதியின் மறுபாதியையும் எழுதி வைத்துவிடுங்கள்: தப்பிக்கலாம், ஆனால் சும்மா தப்பிக்கக் கூடாது. இடம், ஆயுதம், மூச்சு, நிலை, இவற்றில் ஏதாவது ஒன்றை இழந்தாக வேண்டும்.

"நீலி லாவகமாக விலகினாள்" என்பதோடு அந்தச் சுற்று செத்துவிட்டது. இப்படி எழுதிப் பாருங்கள்: "நீலி பின்னால் சாய்ந்தாள். வாள்முனை தோளை உரசாமல் போனது, ஆனால் ஈரப்பாறையில் கால் வழுக்கி ஒரு முழங்கால் தரையில் மோதியது. கேடயம் கைநழுவி உருண்டது." அவளுக்குக் காயம் இல்லை. ஆனால் வேலனுக்கு அடுத்து செய்ய இரண்டு வழிகள் கிடைத்துவிட்டன. நல்ல எதிராளி இப்படித்தான் எழுதுவார். என்னுடன் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தொடர்ந்து இரண்டு முறை தப்பித்துவிட்டால் மூன்றாவது கொஞ்சமாவது பட வேண்டும். நானும் அப்படியே செய்வேன்.

சரி, ஏன் சிலர் அடி வாங்கவே மறுக்கிறார்கள்? ஆணவம் என்று சொல்லிவிடலாம், ஆனால் பெரும்பாலும் பயம்தான். மாதக்கணக்கில் எழுதி வளர்த்த கேரக்டர் ஒரே இரவில் செத்துவிடுமோ, கை போய்விடுமோ என்ற பயம். அதைப் போக்காமல் விதிகளை எவ்வளவு கடுமையாக்கினாலும் பயன் இல்லை. சண்டை தொடங்கும் முன்பே ஓஓசி சேனலில், அதாவது கதைக்கு வெளியே நீங்கள் நீங்களாகவே பேசும் இடத்தில், பேசிவிடுங்கள். இந்தச் சண்டை எதற்கு, தோற்றவர் எதை இழப்பார், சாவு உண்டா, நிரந்தரக் காயம் உண்டா? கேரக்டரின் உரிமையாளர் வாய்திறந்து சம்மதிக்காமல் சாவு கிடையாது என்பதை மாற்ற முடியாத விதியாக வையுங்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்துவிட்டால் மனிதர்கள் ஆச்சரியப்படும் அளவுக்குத் தாராளமாக அடி வாங்குவார்கள்.

யார் ஜெயிப்பது என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சுவாரசியம் போய்விடும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீலி தோற்பாள் என்று தெரிந்தே எழுதும்போது, எப்படித் தோற்பாள், தோற்கும்போது எதைக் காப்பாற்றிக்கொண்டு போவாள் என்பதில் இருவருடைய கற்பனையும் வேலை செய்யும்.

முடிவு தெரியாமல் ஆடத்தான் பிடிக்கும் என்றால் பகடைக்குப் போங்கள். பலர் பழக்கதோஷத்தில் 20 பக்கப் பகடையை எடுக்கிறார்கள். அதில் 1 முதல் 20 வரை எந்த எண் விழவும் ஒரே 5 சதவீத வாய்ப்புதான், அதனால் ஏற்ற இறக்கம் அதிகம். திறமைக்காகப் பகடை எண்ணுடன் சேர்க்கும் கூட்டுப் புள்ளி பெரிதாக இல்லாவிட்டால் பழுத்த வாள்வீரனும் நேற்று வாள் எடுத்தவனும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு ஆறு பக்கப் பகடைகளை உருட்டிக் கூட்டுவது எழுத்துச் சண்டைக்கு நன்றாகப் பொருந்தும். 36 சேர்க்கைகளில் 7 வர ஆறு வழிகள், 12 வர ஒரே வழி, ஆகவே நடுத்தர எண்களே அதிகம் விழும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் தாக்குதல் வீண். 7 முதல் 9 வரை என்றால் பட்டது, ஆனால் தாக்கியவரும் எதையாவது இழக்கிறார். 10 அல்லது அதற்கு மேல் என்றால் சுத்தமான அடி. கூட்டுப் புள்ளி இல்லாதவருக்கு இந்த மூன்றும் ஏறத்தாழ 42, 42, 17 சதவீதம். திறமைசாலிக்கு 2 புள்ளி கூட்டிக் கொடுத்தால் கணக்கு அப்படியே தலைகீழாகி 17, 42, 42 ஆகிவிடும். இந்த முறையில் எனக்குப் பிடித்தது அந்த நடுப்பகுதிதான். இரண்டு பேருக்கும் எழுத ஏதாவது கிடைக்கிறது.

பகடையை எல்லோரும் பார்க்க சேனலிலேயே பாட் (தானாகப் பகடை உருட்டும் நிரல்) மூலம் உருட்டுங்கள், உருட்டிய பிறகே எழுதுங்கள். பகடை சொல்வது பட்டதா இல்லையா என்பதை மட்டும். எங்கே பட்டது, எவ்வளவு ஆழம், கேரக்டர் கத்தியதா பல்லைக் கடித்ததா என்பதெல்லாம் அடி வாங்கியவரின் எழுத்துதான்.

மூன்றாவது வழி நடுவர். இதெல்லாம் புதுப் பஞ்சாயத்து இல்லை. 1824இல் பிரஷ்ய ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி வெளியிட்ட போர் விளையாட்டில் இழப்புகளைப் பகடையும் அட்டவணைகளும் தீர்மானித்தன. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, இந்த அட்டவணைகள் ஆட்டத்தை இழுக்கின்றன, அனுபவமுள்ள நடுவரே முடிவைச் சொல்லட்டும் என்று எழுதினார். நம் குழுக்களிலும் இன்றுவரை அதே இரண்டு கட்சிகள்தான். நடுவர் வைப்பதானால் அந்தச் சண்டையில் கேரக்டர் இல்லாதவராகவும் உடனே பதில் சொல்பவராகவும் இருக்க வேண்டும். பாதி சரியான தீர்ப்பு ஐந்து நிமிடத்தில் வருவது, முழுச் சரியான தீர்ப்பு மறுநாள் வருவதை விட மேல்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு முறைக்கு ஒரு தாக்குதல், ஒரு நகர்வு என்று வரம்பு வையுங்கள். மூன்று வரியில் ஏழு வெட்டு போட்டால் எதிராளி எதற்குப் பதில் எழுதுவார்? பெரிய மந்திரம், மறைத்து வைத்த ஆயுதம் என்று எதுவானாலும் அதற்கு முந்தைய முறையிலேயே ஒரு அறிகுறி இருக்க வேண்டும். ஓஓசியில் படித்ததைக் கேரக்டருக்குத் தெரிந்ததாக எழுதும் மெட்டாகேமிங் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நேரலையாக எழுதும் குழுக்களில் இன்னொரு அநியாயம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். வேகமாகத் தட்டச்சு செய்பவர்தான் எப்போதும் முதலில் அடிப்பார். கைபேசியில் எழுதுபவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அவருடைய கேரக்டரை மூன்று பேர் சூழ்ந்திருப்பார்கள். ஆகவே வரிசை வைத்துவிடுங்கள். எல்லோரும் ஒருமுறை எழுதி முடிக்கும்வரை யாரும் இரண்டாவது முறை எழுதக் கூடாது. பலர் ஒருவரைத் தாக்கும்போது, அவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதலாம்.

நடுவில் ஒருவர் காணாமல் போனால்? 48 மணி நேரம் என்று முன்பே பேசிக்கொள்ளலாம். அதற்குமேல் ஆகிவிட்டாலும் அவர் கேரக்டரைத் தோற்கடித்து எழுதாதீர்கள். புகை சூழ்ந்தது, பாலம் உடைந்தது என்று ஏதாவது எழுதி இருவரையும் பிரித்துவிட்டு மற்றவர்களின் கதையை நகர்த்துங்கள். அவர் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து எழுதட்டும்.