தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது: மோவாய்க்கு அடியில் ஒட்டும் சென்சார் போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. ஆறு மாதமாகத் தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுகிறது. கால் மணி நேரத்தில் சாப்பிட்டு எழுந்தவர் இப்போது முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். 4 கிலோ எடை குறைந்துவிட்டது. “வயதானால் இப்படித்தான்” என்கிறார். மோவாய்க்கு அடியில் சென்சார் ஒட்டியே விழுங்கும் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம் என்று படித்தேன். எக்ஸ்ரே, மூக்கில் குழாய் எதுவும் இல்லாமல் அதை மட்டும் செய்துகொண்டால் போதுமா?

பதில்: போதாது. சென்சார் நல்ல கருவிதான். ஆனால் உங்கள் அப்பாவைப் பற்றி நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயத்தை அதனால் சொல்ல முடியாது.

இரண்டு விரல்களைக் குரல்வளை மேட்டின் மீது வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். மேடு சட்டென்று ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கும். அதைத் தூக்குபவற்றில் முக்கியமானவை மோவாய்க்கு அடியில் உள்ள தசைகள். குரல்வளை மேலேயும் முன்னேயும் நகர்ந்தால்தான் மூச்சுக்குழாயின் வாசல் சரியாக மூடும், உணவுக்குழாயின் மேல்வாய் திறக்கும். தொண்டைக்குள் நடக்கும் இந்த வேலை முழுவதும் ஏறக்குறைய ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி மூச்சும் நின்றுவிடுகிறது.

தசை சுருங்கும்போது அதில் மின் அலை எழும். இதயத்தின் அலையை இசிஜி பதிவு செய்வதைப் போல, மற்றத் தசைகளின் அலையை இஎம்ஜி பதிவு செய்கிறது. நீங்கள் படித்த சென்சார் இதுதான். ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. தோலில் ஒட்டும் வில்லைகள் மட்டுமே. அவை பிடிக்கும் அலையோ ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறு போட்டு அளக்கும் அளவுக்குச் சிறியது. தசை எப்போது வேலையைத் தொடங்கியது, எவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்தது, ஒரு மடக்குக்கு எத்தனை முறை சுருங்கியது என்பதெல்லாம் அதில் தெரியும்.

நரம்பு மருத்துவர்கள் செய்யும் ஒரு சோதனை எனக்குப் பிடித்தமானது. தண்ணீரை 1 மில்லியில் தொடங்கி 20 மில்லி வரை படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே மடக்கில் விழுங்கச் சொல்வார்கள். நல்ல தொண்டை 20 மில்லியையும் ஒரே முறையில் அனுப்பிவிடும். திரையில் ஒரே ஒரு மேடு எழும். அந்த அளவுக்குள்ளேயே ஒரு மடக்கு இரண்டு மூன்று மேடுகளாகப் பிரிந்தால், விழுங்குவதில் கோளாறு இருக்கலாம் என்று பொருள். பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. “குடித்துவிட்டேன்” என்று நோயாளி டம்ளரைக் கீழே வைத்திருப்பார்.

சரி, அதன் குறை என்ன? தசை உழைத்தது என்று சொல்லும் சென்சாருக்குத் தண்ணீர் எந்தக் குழாய்க்குள் போனது என்பது தெரியாது. தசை பலமாகச் சுருங்கியும் பாதித் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருக்கலாம். முதியவர்களிடம், குறிப்பாகப் பக்கவாதம் வந்தவர்களிடம், அப்படி இறங்கும்போது இருமல்கூட வராமல் போவது உண்டு. புரையேறுவது தொந்தரவுதான் என்றாலும் அது காவல்காரன் விழித்திருப்பதன் அடையாளம். அவன் தூங்கிவிட்ட தொண்டையைக் கண்டுதான் எனக்கு அதிகம் பயம். இதுபோக, தாடி, தொங்கும் தோல், கழுத்துக் கொழுப்பு எல்லாம் அலையை மங்கவைக்கும். பேசினாலும் நாக்கை அசைத்தாலும் அதே தசைகள் வேலை செய்யும். வில்லையைச் சற்றுத் தள்ளி ஒட்டினாலே எண்கள் மாறிவிடும்.

தண்ணீர் போகும் வழியைப் பார்க்க இரண்டு பரிசோதனைகள் உள்ளன. ஒன்றில், எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்ததை விழுங்கச் செய்து எக்ஸ்ரே வீடியோவாக எடுப்பார்கள். மற்றொன்றில் மெல்லிய எண்டோஸ்கோப்பை (கேமரா உள்ள குழாயை) மூக்கு வழியாக விட்டு, அவர் விழுங்குவதை நேரில் பார்ப்பார்கள். நீங்கள் தவிர்க்க நினைக்கிற குழாய் இதுதான். மயக்க மருந்து கிடையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். எது அவருக்கு ஏற்றது என்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அல்லது விழுங்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளர் முடிவு செய்யட்டும். நரம்பு மருத்துவரையும் பாருங்கள். வெளியே தெரியாத சிறு பக்கவாதமும், தொடக்க நிலை பார்க்கின்சன் நோயும் இப்படித் தலைகாட்டுவது உண்டு. தூக்க மாத்திரை, வாயை உலர்த்தும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதும் முக்கியம்.

“வயதானால் இப்படித்தான்” என்பதில் கால்வாசி உண்மை இருக்கிறது. முதுமையில் விழுங்குவது சற்று நிதானமாகும். ஆனால் 4 கிலோ குறைவதை வயதின் கணக்கில் எழுத முடியாது.

சென்சாரை ஒதுக்கிவிடவும் வேண்டாம். காரணம் தெரிந்து பயிற்சி தொடங்கும்போது அது பெரிய துணை. குரல்வளையை மேலேயே சில நொடிகள் நிறுத்திவைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. வாயால் சொன்னால் பலருக்குப் புரிவதில்லை. திரையில் தங்கள் அலை உயர்வதைப் பார்த்தால் பிடித்துக்கொள்கிறார்கள்.

அதுவரை: நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன மடக்காகக் குடிக்கட்டும். வாயில் உணவு இருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க வேண்டாம். பல்லும் பல்செட்டும் சுத்தமாக இருக்கட்டும். வாயின் கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவாகிறது. கேட்காமல் மாத்திரையைப் பொடிக்காதீர்கள், சிலவற்றைப் பொடிக்கக் கூடாது. எளிதாக விழுங்கட்டும் என்று பொடி எதையும் கலந்து தண்ணீரை நீங்களாகக் கெட்டியாக்கவும் வேண்டாம். குடித்து முடித்ததும் “ஆ” என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொழகொழத்தால் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், மூச்சிரைப்பு, வழக்கத்துக்கு மாறான மந்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.