பனிமலையில் வழிகாட்டியாக இருக்கும் தம்பி, ஒரு மீட்புப் பணிக்குப் பிறகு யாரிடமும் பேசுவதில்லை. இந்த வேலை மனதைப் பாதிக்குமா?

பாதிக்கும். ஆளைப் பொறுத்து முன்னே பின்னே ஆகலாம், ஆனால் பாதிக்கும்.

உங்கள் கேள்வியில் இருப்பது இவ்வளவுதான்: தம்பி உத்தரகாசியில் மலையேற்றப் பயிற்சி முடித்து அந்தப் பக்கமே வழிகாட்டியாக இருக்கிறான். போன சீசனில் பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தோண்டப் போனான். ஊருக்கு வந்து 2 மாதமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. கேட்டால் ‘ஒண்ணுமில்லக்கா’ என்கிறான்.

இதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ‘ஒண்ணுமில்ல’யை நான் 7 வருஷம் சொன்னவன். நீங்கள் கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பவர், அம்மா போனில் அழுவதைக் கேட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. 17 வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்த விவசாயி. எந்த யூனிட், எந்தப் போஸ்ட் என்று எழுத மாட்டேன், கேட்காதீர்கள். ராணுவத்தைக் குறை சொல்கிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் 2 பிள்ளைகளும் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். இன்றைக்குக் கூப்பிட்டாலும் போவேன். இங்கே எழுதுவது என் மண்டைக்குள் நடந்தது மட்டும்.

2009 குளிர்காலம், சியாச்சின். அப்போது நான் நாயக், ஹவில்தாருக்கு ஒரு படி கீழே. 2 காவல் போஸ்ட்டுக்கு நடுவே வழியைத் திறந்து வைத்திருக்கும் லிங்க் பேட்ரோலுக்கு நான்தான் பார்ட்டி கமாண்டர். என்னையும் சேர்த்து 7 பேர். 3 நாள் விடாமல் கொட்டிய பனி ஒருவழியாக நின்றது. புதுப் பனி விழுந்தால் குறைந்தது ஒரு நாளாவது அசையக்கூடாது என்பது பாலபாடம். ஒரு நாள் இருந்தோம். மேல் போஸ்ட்டில் மண்ணெண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. அங்கே மண்ணெண்ணெய் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை, பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டும். இன்னும் ஒரு நாள் பார்ப்போமா என்று அதிகாரிகள் என்னிடம்தான் கேட்டார்கள். ‘போயிடலாம் சாப்’ என்று சொன்னவன் நான். யாரும் என்னை நெருக்கவில்லை.

ராத்திரி 2 மணிக்குக் கிளம்பினோம். வெயில் ஏறினால் பனி இளகும், அதற்குள் சரிவைத் தாண்டிவிட வேண்டும்.

பனிச்சரிவு என்றால் எங்கோ உச்சியிலிருந்து உருண்டு வரும் என்றுதான் நம்மூரில் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அடியில் உதிரி உதிரியாக, ஒன்றோடொன்று ஒட்டாத பனி இருக்கும். அதன்மேல் காற்று கொண்டுவந்து கொட்டி இறுக்கிய பனி கெட்டியாகக் கிடக்கும். ரவையைப் பரப்பி அதன்மேல் பலகையை வைத்தது மாதிரி. சரிவு 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில்தான் அந்தப் பலகை அதிகம் நழுவும். அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி தங்காது, அப்போதைக்கப்போது உதிர்ந்துவிடும். நழுவ வைக்க வெளியிலிருந்து ஒன்றும் வர வேண்டியதில்லை, நடக்கிற ஆளின் எடையே போதும். சில நேரம் முன்னதாகக் காலடியில் ‘தொம்’ என்று ஒரு சத்தம் வரும். அடி அடுக்கு அமுங்குகிற சத்தம். காதைவிட வயிற்றில்தான் முதலில் கேட்கும்.

எனக்குக் கேட்டது. நின்றேன். 20 அடி இடைவெளி விட்டுப் பின்னால் வந்த பையன் ‘என்னண்ணே?’ என்றான். எங்கள் மாவட்டத்துப் பையன், 23 வயசு. ‘ஒண்ணுமில்ல, வா’ என்றேன்.

அதற்குப் பிறகு 10 அடி நடந்திருப்போம்.

என்னை ஓரமாக அடித்துத் தள்ளிவிட்டுப் போனது. 2 பேரை மூடிவிட்டது. பின்னால் இழுத்துக்கொண்டே நடப்பதற்கு ஒரு சிவப்புக் கயிறு கொடுத்திருப்பார்கள். ஒருவனின் கயிறு மேலே தெரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டே தோண்டி 10 நிமிடத்தில் எடுத்துவிட்டோம். இன்றைக்கும் தீபாவளிக்குப் போன் செய்வான். இன்னொருவன் அந்தப் பையன். புதைந்தவரைக் கண்டுபிடிக்க ஆளுக்கொன்று கட்டியிருக்கும் ஏவிடி கருவியில் அவன் சிக்னல் வந்தது. வந்த இடத்தில் புரோப் குத்தினேன். மடக்கி நீட்டுகிற நீளமான கம்பி அது. பாறையில் பட்டால் டங்கென்று கையை உதறும். ஐஸில் பட்டால் கரகரக்கும். ஆள் மேல் பட்டால் மெத்தென்று உள்வாங்கி லேசாகத் திருப்பித் தள்ளும். அந்த வித்தியாசத்தை ஒரு தடவை உணர்ந்த கை மறக்காது.

7 அடி ஆழம். சரிந்து நின்ற பனி கொஞ்ச நேரத்தில் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், வெட்டி வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த உயரத்தில் 10 வெட்டு வெட்டினால் மூச்சு முட்டும். 50 நிமிடம் ஆனது. 15 நிமிடத்துக்குள் எடுத்தால் 10 பேரில் 9 பேர் பிழைப்பார்கள், 35 நிமிடம் ஆகிவிட்டால் 3 பேர்தான் என்பது ஐரோப்பாவில் பல வருஷமாக எடுத்த கணக்கு. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த வகுப்பை எடுத்தவனே நான்தான்.

அவன் முகத்துக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பனி ஓடு இருந்தது. அவன் விட்ட மூச்சின் ஈரமே உறைந்து உண்டான ஓடு. இந்த வேலை தெரிந்தவனுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். விழுந்தவுடன் அவன் சாகவில்லை. நாங்கள் மேலே தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அதைக் கையாலேயே உடைத்து எறிந்துவிட்டு நெஞ்சை அழுத்தினேன். ஓடு இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

4 மாதம் கழித்து லீவில் அவன் வீட்டுக்குப் போனேன். எப்படிச் செத்தான் என்று அவன் அம்மா கேட்கவே இல்லை. ‘கெளம்பறதுக்கு முன்னாடி என்ன தம்பி சாப்பிட்டான்?’ என்று கேட்டார். சூப்பும் சாக்லேட்டும் என்றேன். ‘சோறு திங்கலியா?’ என்றார். அந்த உயரத்தில் பசியே செத்துப்போகும் என்பதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சாப்பிட்டாம்மா, ரெண்டாந்தடவ வாங்கிச் சாப்பிட்டான் என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

2013-ல் ஓய்வு. அடுத்த 2 வருஷம், ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, இமாச்சலத்தில் ஒரு மலையேற்றக் கம்பெனியில் வழிகாட்டியாகப் போனேன். உங்கள் தம்பியின் வேலை. ராணுவத்தைவிட அதுதான் மனசுக்குக் கஷ்டம் என்பேன். அங்கே திரும்பு என்றால் திரும்புவார்கள். இங்கே பணம் கட்டி, ஆபீஸில் லீவு போட்டு, கணவாயைத் தொட்டே ஆக வேண்டும் என்று வந்து நிற்பார்கள். ஒரு தடவை காலையில் சரிவைப் பார்த்தேன், பிடிக்கவில்லை. 14 பேரைத் திருப்பி அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று முழுக்க வானம் பளிச்சென்று இருந்தது. சரிவு விழவே இல்லை. விழாததால் நான் பயந்தாங்கொள்ளி ஆனேன், முதலாளி கூலியில் பிடித்தார். சரியாக முடிவெடுத்தவனுக்கு இந்த வேலையில் அத்தாட்சியே கிடைக்காது. தப்பாக எடுத்தவனுக்கு மட்டும் 7 அடி ஆழத்தில் கிடைக்கும்.

2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட்டில், பனியாறு உடைந்து இறங்கும் கும்பு பனியருவியில், பனிச்சரிவில் சிக்கி 16 நேபாளத் தொழிலாளர்கள் ஒரே காலையில் செத்தார்கள். நேபாள அரசு முதலில் அறிவித்தது குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். எங்கள் முகாமில் சமைத்த நேபாளத்துப் பையன் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே இருந்தான், போதும் என்று சொல்லியும் நிறுத்தவில்லை. 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு மேலே மாணாவில் சாலைத் தொழிலாளர்கள் 54 பேர் புதைந்தார்கள். தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்களால் பலர் தப்பினார்கள். 8 பேர் போனார்கள், 46 பேர் உயிரோடு வந்தார்கள். செய்தி அதோடு முடிந்துவிட்டது. அந்த 46 பேரும் தோண்டியவர்களும் அதற்குப் பிறகு எப்படித் தூங்கினார்கள் என்று யார் போய்க் கேட்டார்கள்?

இனி என் கதையில் மீதி. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் போஸ்ட்டில் மதராஸ் ரெஜிமெண்ட்டின் 10 பேர் புதைந்தார்கள். 4 பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறாம் நாள் அவர்களில் ஒருவரான ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள், 11-ஆம் தேதி டெல்லி ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் ஊர் டீக்கடை டிவியில் அதுதான். அண்ணன் அங்க இருந்தவர், சொல்லுங்கண்ணே என்று பிடித்துக்கொண்டார்கள். எத்தனை நாள் மூச்சு விட முடியும், எப்படி முடியும் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். நான் ‘ஒண்ணுமில்ல, வேலையிருக்கு’ என்று எழுந்துவிடுவேன்.

அது சம்பா அறுவடை நேரம். கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல் மூட்டை கிடந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் போக மனசு வரவில்லை: 9 நாள் கிடந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லித் தள்ளி வைப்பார்கள். ராத்திரிப் பனியில் திறந்த வெளியில் கிடந்தால் ஈரம் ஏறாமல் என்ன செய்யும்? தார்ப்பாய் நாங்களே கொண்டுவர வேண்டும், காவலும் நாங்களே. மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்தவர்களின் நெல் மட்டும் அன்றைக்கே காய்ந்துவிடும். விதைத்தவனை இப்படி நாய் மாதிரிக் காக்க வைப்பதற்கு ஒரு கேள்வி கேட்பாரில்லை.

10-ஆம் நாள் எங்கள் மூட்டையில் குத்தூசி போட்டார்கள். கூர்மையான குழல், மூட்டைக்குள் குத்தி எடுத்தால் மாதிரி நெல் வரும். அந்தப் பையன் கையில் கட்டு போட்டிருந்தான், ‘நீங்களே குத்துங்கண்ணே’ என்று என்னிடம் கொடுத்தான். குத்தினேன். சாக்கு மெத்தென்று உள்வாங்கி லேசாகத் திருப்பித் தள்ளியது.

அடுத்து நினைவிருப்பது, மூட்டையைக் கிழித்து 2 கையாலும் நெல்லை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தேன். சுற்றிலும் ஆட்கள். என் பெரிய மகன் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

மாரடைப்பு என்று நினைத்து இசிஜி எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு மனநல டாக்டரம்மா ‘கடைசியா யாரைத் தோண்டினீங்க?’ என்று கேட்டார். 7 வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. பனி ஓட்டைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் தடவை வாய் திறந்தேன். ஒன்றரை வருஷம் மாத்திரை, வாரம் ஒரு நாள் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது. சொல்லச் சொல்லக் கதை மாறவில்லை, ஆனால் வியர்ப்பது குறைந்தது. மாத்திரை சாப்பிட்டால் கோழை என்று எழுதப்போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு வருகிறேன். என்ன நடந்தது என்று தோண்டாதீர்கள். நடந்ததைக் கட்டாயப்படுத்திச் சொல்ல வைப்பதால் பலனில்லை, சிலருக்கு இன்னும் மோசமாகும் என்று டாக்டரம்மா சொன்னார். தூங்கினியா, சாப்பிட்டியா, யாரிடமாவது போன் பேசினியா என்று சின்னதாகக் கேளுங்கள். கடவுள் உன்னைக் காப்பாத்தினார் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அப்படியானால் அவனை ஏன் காப்பாத்தலை என்பதுதான் அவன் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. கூடத் தோண்டியவர்கள் யாராவது இருந்தால் அவர்களைப் பேசச் சொல்லுங்கள், அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் பனி மீட்புக் குழுக்கள் சில, கடற்படை வீரர்களுக்காக உருவாக்கிய ஒரு முறையைப் பயன்படுத்துகிறார்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மனநிலைக்கு 4 நிறம். விளக்கம் கேட்காமல் ‘இன்னிக்கு என்ன கலர்?’ என்று மட்டும் கேட்பது. பேச வராதவனும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவான். என் மனைவி என்னிடம் இப்படித்தான் கேட்கிறாள்.

குடி அதிகமானாலும், சாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் நாள் பார்க்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்று டெலி மனஸ் எண் இருக்கிறது, காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். அவன் பேசாவிட்டால் நீங்கள் பேசுங்கள், வீட்டில் இருப்பவர்களும் பேசலாம்.

அடுத்த சீசனுக்குப் போகலாமா என்பதை இப்போது யாரும் முடிவு செய்ய வேண்டாம். அவனுக்கு விருப்பமிருந்தால் இங்கேயே எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். நடந்ததைப் பற்றிப் பேசக்கூட வேண்டாம், அந்தப் பக்கம் இந்த வருஷம் பனி எப்படி என்று மட்டும் சொல்லட்டும். குறுவை நடவு தொடங்கும் வரை ராத்திரி 9 மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன்.